உடலின் காவற்படையும் முதுமையும்

தோட்டத்துப் புல்லில் வெறுங்காலுடன் நடந்தவன் ஒருவன் காலில் முள் தைத்ததாக வைத்துக்கொள்வோம். முள்ளின் நுனி ஒடிந்து உள்ளேயே தங்கிவிட்டது. மாலையில் அவ்விடம் சிவக்கிறது, இரவில் தடித்து வீங்குகிறது, தொட்டால் சுடுகிறது, விண்விண்ணென்று தெறிக்கிறது. மறுநாள் அக்காலை ஊன்றி நடக்க இயலவில்லை. சில நாட்களில் சீழ் கட்டி உடைந்து, முள்ளும் வெளியேறிப் புண் ஆறிவிடுகிறது. இதனை அனுபவியாதார் நம்மில் யார்? ஆயின் இச்சிறு நிகழ்ச்சிக்கும், நெஞ்சு தளர்ந்து, நரம்பு மெலிந்து, நோய்க்கு இடங்கொடுத்து நாம் மூப்படைவதற்கும் நெருங்கிய உறவு உண்டென்றால் பலர் வியப்புறக் கூடும். அவ்வுறவை அறிவுலகம் படிப்படியாகக் கண்டறிந்த வரலாற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முள் தைத்த இடத்தில் தோன்றும் சிவப்பு, வீக்கம், சூடு, வலி ஆகிய நான்கு குறிகளையும் கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த செல்சஸ் என்னும் ரோமானிய ஆசிரியர் தம் மருத்துவ நூலில் ஒருங்கே கூறியுள்ளார். உறுப்பு தன் தொழிலைச் செய்யமாட்டாது போதல் என்னும் ஐந்தாம் குறியைப் பிற்காலத்தார் அவற்றோடு சேர்த்தனர். தமிழில் இந்நிலைக்கு அழற்சி என்று பெயர். அழல் என்பது நெருப்பு. உடலில் மூண்டெழும் நெருப்பு என்னும் பொருள் அச்சொல்லிலேயே அமைந்து கிடக்கிறது.

செல்சஸ் குறிகளைக் கூறினாரேயன்றிக் காரணத்தைக் கூறவில்லை. அழற்சி என்பது உடலுக்கு நேர்ந்த கேடா? அன்றி, கேட்டினை எதிர்த்து உடல் தானே தொடுக்கும் போரா? இவ்வினாவுக்கு விடை காண 1,800 ஆண்டுகள் சென்றன. 1867-இல் கோன்ஹைம் என்னும் ஜெர்மானிய அறிஞர், தவளையின் உடலில் அழற்சி கண்ட இடத்தை நுண்பெருக்கிக் கண்ணாடியால் ஆராய்ந்து, இரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்கள் குழாயின் சுவரை ஊடுருவி வெளியே வருவதைக் கண்டார். வருகின்றன என்பது தெளிவாயிற்று. எதற்காக வருகின்றன என்பது தெளிவாகவில்லை. வெள்ளை அணுக்கள் கிருமிகளைச் சுமந்து சென்று உடலெங்கும் பரப்புகின்றன என்றே அந்நாளில் மருத்துவர் பலர் எண்ணினர்.

முள்ளும் நட்சத்திர மீனும்

இம்மயக்கத்தைத் தீர்த்தவர் மருத்துவரே அல்லர். கடல்வாழ் சிற்றுயிர்களை ஆராய்ந்த விலங்கு நூற்புலவர் ஒருவர். இலியா மெச்னிகாவ் என்பது அவர் பெயர். அந்நாளைய ருஷ்ய சாம்ராஜ்யத்தில், கார்கோவ் நகரையடுத்த ஊரொன்றில் 1845-இல் அவர் பிறந்தார். இளமையிலேயே ஒடெஸ்ஸா சர்வகலாசாலையில் ஆசிரியரானார். அவருடைய முதல் மனைவி 1873-இல் காசநோயால் மாண்டார். வாழ்வில் வெறுப்புற்று ஒருகால் தம் உயிரையே மாய்த்துக்கொள்ளத் துணிந்த இம்மனிதரே பிற்காலத்தில் மனித ஆயுளை நீட்டிக்கும் வழியைத் தேடுவதில் தம் வாழ்நாளைச் செலவிட்டார் என்பது நினைவிற்கொள்ளத் தக்கது.

1882-இல் அவர் சர்வகலாசாலைப் பதவியைத் துறந்து, இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள மெசினா என்னும் துறைமுக நகருக்குக் குடும்பத்துடன் சென்று தங்கினார். ஒருநாள் வீட்டார் அனைவரும், பழக்கப்பட்ட குரங்குகள் செய்யும் வித்தையைக் காணச் சர்க்கஸுக்குச் சென்றிருந்தனர். மெச்னிகாவ் மட்டும் தனித்திருந்து, கண்ணாடி போன்ற உடலையுடைய நட்சத்திர மீனின் இளங்குஞ்சொன்றை ஆராய்ந்துகொண்டிருந்தார். அதன் உடலினுள்ளே சில அணுக்கள் தாமாகவே ஊர்ந்து திரிவதைக் கண்டார். உடனே அவர் உள்ளத்தில் ஓர் எண்ணம் தோன்றிற்று: இவ்வணுக்கள் உடலினுள் புகும் பகையை எதிர்க்கும் காவலராயின், அவ்வுடலில் முள்ளொன்றைச் செருகினால் அதனைச் சூழ்ந்துகொள்ள வேண்டுமன்றோ? மனிதன் விரலில் முள் தைத்தால் சீழ் சூழ்கிறதே, அதுபோல!

எண்ணியதை அப்பொழுதே செய்து பார்த்தார். தோட்டத்து ரோஜாச் செடியில் சில முட்களைக் கிள்ளி வந்து இளங்குஞ்சுகளின் தோலினடியிற் செருகினார். அன்றிரவு அவருக்கு உறக்கம் வரவில்லை. விடியுமுன் எழுந்து பார்த்தார். முள்ளைச் சுற்றி அணுக்கள் திரண்டு மொய்த்திருந்தன! இரத்தக் குழாயே இல்லாத அச்சிற்றுயிரில் அழற்சியின் மூலக்கூறு கண்கூடாக வெளிப்பட்டது. அழற்சி என்பது உடல் தொடுக்கும் போரே என்னும் முடிவுக்கு அவர் வந்தார். பகையை விழுங்கிச் செரிக்கும் இவ்வணுக்களுக்கு ‘ஃபாகோசைட்’ என்ற பெயர் வழங்கலாயிற்று. விழுங்கும் அணு என்பது அதன் பொருள். நீர்த்தெள்ளு என்னும் நுண்ணுயிரின் உடலில் புகுந்த காளான் விதைகளை இவ்வணுக்கள் தாக்கி அழிப்பதையும் 1884-இல் அவர் எடுத்துக் காட்டினார்.

அறிவுலகம் இதனை எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. நோயை எதிர்ப்பது இரத்தத்தின் நீரில் கரைந்துள்ள பொருளேயன்றி அணுக்களல்ல என்று ஜெர்மானிய அறிஞர் வாதிட்டனர். 1888 முதல் பாரிஸிலுள்ள பாஸ்டர் ஆராய்ச்சிக் கழகத்தில் அமர்ந்து மெச்னிகாவ் இப்போரை நடத்தினார். இரு கட்சியிலும் உண்மை இருந்தது. 1908-இல் மெச்னிகாவுக்கும், எதிர்க்கட்சியின் தலைவர்களுள் ஒருவரான பவுல் எர்லிக்குக்கும் நோபல் பரிசு ஒருங்கே வழங்கப்பட்டது.

காவலனே களவு செய்தால்?

காவற்படையைக் கண்டறிந்தவர் அதனை வாழ்த்திப் பாடியதோடு நின்றிருக்கலாம். மெச்னிகாவ் நிற்கவில்லை. தாம் கண்ட காவலரையே அவர் ஐயுறத் தொடங்கினார். முதியோர் உடலை ஆராயுமிடத்து, விழுங்கும் அணுக்கள் கிருமிகளை மட்டுமின்றி உடலின் சொந்த அணுக்களையும் தின்பதாக அவருக்குத் தோன்றிற்று. மயிரின் கருநிறத்தை அவை தின்பதால் நரை உண்டாகிறது என்றும், மூளை முதலிய உயர்ந்த உறுப்புகளின் அணுக்கள் தளர்ந்த காலத்து அவற்றையும் தின்கின்றன என்றும் கூறினார். இளமையில் நம்மைக் காத்தவனே முதுமையில் நம் வீட்டைக் கொள்ளையிடுகிறான் என்பது அவர் கொள்கையின் சாரம். 1903-இல் வெளியிட்ட நூலில், முதுமையை ஆராயும் தனித் துறைக்கு ‘ஜெரண்டாலஜி’ என்று அவரே பெயர் சூட்டினார். இன்று உலகெங்கும் வழங்கும் பெயர் அதுவேயாகும்.

மூப்பு என்பது தலையெழுத்து, அதனைப் பற்றி வினவுதற்கு யாதுமில்லை என்று மாந்தர் வாளாவிருந்த காலத்தில், ‘இதற்கும் காரணம் உண்டு, காரணம் உண்டாயின் கண்டறியலாம்’ என்று ஒருவர் கூறியது பெருந்துணிவன்றோ?

ஆயின் துணிவு வேறு, துல்லியம் வேறு. உயர்ந்த அணுக்கள் தளர்வதற்குக் காரணம் பெருங்குடலில் வாழும் கிருமிகள் விளைக்கும் நஞ்சே என்று மெச்னிகாவ் முடிவு கட்டினார். பாலைப் புளிக்கச் செய்யும் கிருமிகள் அக்கேட்டினைத் தடுக்கும் என்றெண்ணித் தாமும் பல ஆண்டுகள் புளித்த பாலை அருந்தி வந்தார். மோரும் தயிரும் அன்றாட உணவாகிய நமக்கு இது புதுமையன்று. பாரிஸ் மக்களுக்கோ அது புதுமையாயிற்று. 1904-இல் அவர் நிகழ்த்திய சொற்பொழிவுக்குப் பின்னர்ப் புளித்த பால் விற்போர் பெருகினர். நீடு வாழும் மருந்தென்று விளம்பரமும் செய்தனர். குடல் நஞ்சு என்னும் கொள்கையின் பேரால், லண்டனில் ஆர்பத்நாட் லேன் என்னும் அறுவை மருத்துவர் நோயாளிகளின் பெருங்குடலையே அறுத்தெடுக்கலானார். அதனால் உயிரிழந்தோரும் உண்டு. அரைகுறை உண்மையைப் பிடித்துக்கொண்டு அவசரப்படுவோர் மக்களுக்கு எத்தகைய தீங்கு விளைப்பர் என்பதற்கு இது சான்றாகும்.

மெச்னிகாவ் 1916-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 15-ஆம் நாள் நெஞ்சு நோயால் காலமானார். அப்போது அவருக்கு வயது 71. தாம் இறந்தபின் தம் உடலை அறுத்து ஆராயுமாறு மருத்துவ நண்பரிடம் முன்னரே சொல்லி வைத்திருந்தார். தம் கொள்கைக்குத் தம் உடலையே சான்றாக வைத்தவர் அவர். அவருடைய சாம்பல் பாஸ்டர் கழகத்திலேயே வைக்கப்பட்டது.

அணையாத சிறுநெருப்பு

அவருக்குப் பின் அவர் கேட்ட வினா நெடுநாள் உறங்கிக் கிடந்தது. ஆயினும் அதற்கு விடையாகவிருந்த செங்கற்கள் ஒவ்வொன்றாக வெவ்வேறிடங்களில் வார்க்கப்பட்டன.

1930-இல் நியூயார்க்கிலுள்ள ராக்பெல்லர் ஆராய்ச்சிக் கழகத்தில் டில்லெட், பிரான்சிஸ் என்னும் இருவர், நுரையீரற் காய்ச்சல் கண்டோரின் இரத்தத்தில் புதிய பொருளொன்றைக் கண்டனர். ‘சி’ எதிர்வினைப் புரதம் என்று அதற்குப் பெயர். உடலில் எங்கேனும் அழற்சி மூண்டால் இரத்தத்தில் இப்புரதம் ஏறும். அழற்சி தணிந்தால் இறங்கும். கண்ணுக்குத் தெரியாத நெருப்பை அளக்கும் கருவியொன்று இவ்வாறு கிடைத்தது. 1961-இல் லண்டனில் ழாக் மில்லர் என்பவர், மார்பெலும்பின் பின்னே கிடக்கும் தைமஸ் என்னும் உறுப்பே காவற்படையின் ஒரு பெரும் பிரிவுக்குப் பயிற்சிக்கூடம் என்று எலிகளின்மேற் செய்த சோதனையால் நிறுவினார். அவ்வுறுப்போ இளமை கடக்குமுன்னரே சுருங்கத் தொடங்கி, முதுமையில் பெரும்பாலும் கொழுப்பாகிவிடுகிறது. முதியோர் புதிய நோய்க்கு எளிதில் ஆட்படுவதற்கு இஃதொரு காரணம். அதே 1961-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஹேபிளிக், மூர்ஹெட் என்னும் இருவர், மனித அணுக்கள் ஏறத்தாழ 50 முறை பெருகியபின் பெருகுவதை நிறுத்திவிடுகின்றன என்று காட்டினர்.

அவ்வாறு பெருக்கம் ஓய்ந்த அணுக்கள் வாளா கிடப்பதில்லை என்பது பின்னர்த் தெரியவந்தது. அவை அழற்சியைத் தூண்டும் பொருள்களை இடைவிடாது கசியவிட்டு, அண்டை அணுக்களையும் கெடுக்கின்றன என்று 2008-இல் ஜூடித் காம்பிசி என்னும் அமெரிக்க அறிஞரும் அவர்தம் துணைவரும் விளக்கினர். இதற்கிடையே 1993-இல் ஹோட்டமிஸ்லிகில் முதலியோர், கொழுத்த எலிகளின் கொழுப்பிலிருந்து அழற்சிப் பொருளொன்று சுரந்து இன்சுலினின் வேலையைத் தடுப்பதைக் கண்டனர். கொழுப்பு என்பது வெறும் சேமிப்பன்று, அதுவும் நெருப்பு மூட்டும் என்பது இதனால் விளங்கிற்று. 1997-இல் அமெரிக்க மருத்துவர் பலரிடம் அவர்கள் நலமாயிருந்த காலத்தில் எடுத்து வைத்த இரத்தத்தை ரிட்கர் என்பவர் சோதித்தார். அக்காலத்தே ‘சி’ எதிர்வினைப் புரதம் மிகுந்திருந்தோர்க்குப் பின்னாளில் மாரடைப்பும் பக்கவாதமும் மிகுதியாக வந்திருந்தன.

இச்செங்கற்களையெல்லாம் அடுக்கி ஒரு சுவராக்கியவர் இத்தாலியின் பொலோனா சர்வகலாசாலையைச் சேர்ந்த கிளாடியோ பிரான்செஸ்கி. முதுமையில் உடலெங்கும் ஓசையின்றிக் கனன்றுகொண்டிருக்கும் சிறு அழற்சிக்கு 2000-ஆம் ஆண்டில் ‘இன்ஃப்ளமேஜிங்’ என்று அவரும் துணைவரும் பெயரிட்டனர். அழற்சி மூப்பு என்று நாம் அதனை வழங்கலாம். முள் தைத்த காலின் அழற்சி மூண்டெழுந்து, தன் வேலையை முடித்து அணைந்துவிடுகிறது. அழற்சி மூப்போ சமைத்து முடித்தபின்னும் சாம்பலுக்குள் கனலும் தணல் போன்றது. சிவப்பில்லை, வீக்கமில்லை, வலியுமில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல இரத்தக் குழாய், மூட்டு, தசை, மூளை ஆகியவற்றை அது அரிக்கிறது.

மெச்னிகாவின் குடற்கொள்கை யாதாயிற்று என்று நேயர்கள் வினவலாம். 2017-இல் கனடாவின் மக்மாஸ்டர் சர்வகலாசாலையார் ஒரு சோதனையை வெளியிட்டனர். கிருமியே அண்டாத இடத்தில் வளர்த்த எலிகளுக்கு வயது முதிர்ந்தும் அழற்சி ஏறவில்லை. அவற்றைக் கிருமியுடைய கிழ எலிகளோடு சேர்த்து வைத்தபோது அழற்சிப் பொருள்கள் இரத்தத்தில் ஏறின. முதுமையில் குடற்சுவர் நெகிழ்ந்து கிருமிகளின் கூறுகள் உள்ளே கசிகின்றன என்பது அவர்கள் கண்ட முடிவு. ஆக, மெச்னிகாவ் தேடிய திசை பிழையன்று. கூறிய மருந்தும், கட்டிய முடிவுமே பிழை.

நெருப்பை அணைக்கப் புகுந்தோர் கண்டது

அழற்சியே கேடாயின் அதனை அடியோடு அணைத்துவிட்டால் என்ன? இவ்வெண்ணத்தைச் சோதித்த பெரிய முயற்சியொன்றின் முடிவு 2017-இல் வெளியாயிற்று. முன்னரே மாரடைப்பு வந்து, இரத்தத்தில் அழற்சிக் குறியும் மிகுந்திருந்த 10,061 பேர் அதிற் கலந்துகொண்டனர். அழற்சியைத் தூண்டும் பொருள்களுள் ஒன்றை மட்டும் தடுக்கும் ஊசிமருந்து சிலர்க்கும், வெறும் ஊசி ஏனையோர்க்கும் போடப்பட்டது. 150 மில்லிகிராம் அளவு மருந்து பெற்றோரிடம் மாரடைப்பு, பக்கவாதம், இவ்வகை நோயால் நேரும் மரணம் ஆகியவை நூற்றுக்குப் பதினைந்து வீதம் குறைந்தன. நெஞ்சு நோய்க்கு அழற்சியும் ஒரு காரணமே என்பது இதனால் உறுதிப்பட்டது. ஆயின் மருந்து பெற்றோரிடையே கிருமி நோயால் மாண்டோர் தொகை கூடிற்று. மொத்த மரணத்தைக் கணக்கிட்டால் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை. வீட்டிற்குள் கலகம் செய்த காவலனைக் கட்டிப்போட்டதும் வாயில் வழியே கள்வன் புகுந்துவிட்டான்!

2020-இல் கொரோனாக் கொள்ளைநோயிலும் இதே பாடத்தை உலகம் கண்டது. டெக்ஸாமெதசோன் என்னும் அழற்சி தணிக்கும் மருந்து, மூச்சுப் பொறியில் வைக்கப்பட்டோரின் மரணத்தை ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைத்தது. மூச்சுக்காற்று உதவியே வேண்டாத நோயாளிகட்கோ அதனால் நன்மை விளையவில்லை. ஒரே மருந்து, ஒரே நோய். காலம் அறிந்து கொடுத்தால் அமுது, அறியாது கொடுத்தால் வீண். காவற்படையை ஒழிப்பது வழியன்று. அது எப்போது போரிட வேண்டும், எப்போது ஓய வேண்டும் என்பதை அறிவதே வழி.

நம் நாட்டுச் சான்று

இவ்வரலாற்றின் அண்மை அதிகாரம் நம் அருகிலேயே எழுதப்பட்டது. 2025-இல் வெளியான ஆராய்ச்சியொன்று நான்கு மக்கட் கூட்டத்தாரின் இரத்தத்திலுள்ள அழற்சிப் பொருள்களை ஒப்பிட்டது. இத்தாலியின் கியாந்தி வட்டார மக்கள், சிங்கப்பூர் மக்கள், பொலிவியாவின் அமேசான் காட்டையடுத்து வாழும் சிமானே மக்கள், தீபகற்ப மலேசியாவின் ஓராங் அஸ்லி மக்கள் ஆகியோரே அந்நால்வர். இத்தாலியரிடம் வயதோடு ஏறிய அழற்சிக் கோலம் சிங்கப்பூராரிடமும் பெரும்பாலும் ஒத்திருந்தது. சிமானேயரிடமும் ஓராங் அஸ்லியரிடமும் அழற்சி இருந்தது. ஆனால் அது பெரிதும் கிருமிகளாலும் குடற்புழுக்களாலும் வந்த அழற்சி. வயதோடு அவ்வாறே ஏறவுமில்லை. நெஞ்சு நோய் போன்ற நாட்பட்ட நோய்களோடு அவ்வாறு பிணைந்திருக்கவுமில்லை.

காட்டு வாழ்வே சிறந்தது என்று இதனால் யாரும் முடிவு கட்டலாகாது. கிருமி நோயால் அம்மக்கள் படும் துன்பம் பெரிது. ஓர் ஆராய்ச்சியைக் கொண்டு மட்டும் இறுதித் தீர்ப்புக் கூறுவதும், மெச்னிகாவின் அவசரத்தை நாம் மீண்டும் செய்வதாகும். ஆயினும் இவ்வொப்பீடு பெரியதோர் ஐயத்தை எழுப்புகிறது. அழற்சி மூப்பு எல்லா மனிதர்க்கும் பிறப்பிலேயே எழுதப்பட்ட ஒன்றாயின், எல்லாரிடமும் ஒரே வகையாகக் காணப்பட வேண்டுமன்றோ? அதன் பெரும்பகுதி நாம் உண்பது, உழைப்பது, புகைப்பது, உறைவது ஆகியவற்றால் விளைவதாயின், மாற்றுவதற்கும் இடமுண்டு.

தமிழர்களாகிய நமக்கு இது வெறும் ஏட்டுச் செய்தியன்று. மலேசியாவில் 2019-இல் அரசாங்கம் நடத்திய தேசிய உடல்நல ஆய்வில், பெரிய இனத்தார் மூவருள் நீரிழிவு மிகுந்திருந்தது இந்தியரிடையேதான். நீரிழிவும் வயிற்றுக் கொழுப்பும் ஆறாத புண்ணும் ஒன்றையொன்று வளர்ப்பவை. அன்று பால்மரம் வெட்டப் பொழுது விடியுமுன் எழுந்து மைற்கணக்கில் நடந்தோரின் மக்கள், இன்று நகரத்தில் நாற்காலியில் அமர்ந்து உழைக்கிறோம். உணவின் அளவை மட்டும் குறைத்தோமில்லை. புகையை விடுதல், நாள்தோறும் நடத்தல், வயிற்றுப் பருமனைக் குறைத்தல், பல்லீறு நோயைப் புறக்கணியாமை, சர்க்கரையைச் சோதித்து அடக்குதல் ஆகியவை விளம்பர மருந்துகளைப்போல் பளபளப்புடையன அல்ல. எனினும் இன்றுவரை அறிவுலகம் ஐயமின்றிச் சொல்லக்கூடியவை இவையே. ஆயுளை நீட்டும் என்று புட்டியில் அடைத்து விற்கப்படுவனவற்றை வாங்குமுன், 1904-இல் பாரிஸில் விற்ற புளித்த பாலை ஒருகணம் நினைத்துக்கொள்க.

இன்னொன்றும் கூறி முடிப்போம். நம் வீடுகளில் மூத்தோர் ஒருவர் மூட்டு நோகிறது என்றாலும், மூச்சு வாங்குகிறது என்றாலும், காலில் புண் ஆறவில்லை என்றாலும், ‘வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்’ என்று சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்க்கச் செல்கிறோம். அவர்களும் அதையே நம்பி வாய் மூடிக்கொள்கின்றனர். வயது என்பது காரணமன்று. உள்ளே மறைந்து நிற்கும் காரணங்கள் பலவற்றிற்கு நாம் இட்ட ஒரே பெயர். அப்பெயரைக் கேட்டு மெச்னிகாவ் மனநிறைவு அடையவில்லை. நாமும் அடையவேண்டுவதில்லை. அடுத்த முறை பாட்டி காலைப் பிடித்துக்கொண்டு உட்காரும்போது, அருகில் அமர்ந்து அக்காலைப் பாருங்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.